கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டாயிற்று, இனி மாற்றிச் சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிவிட்டு, "ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். பயத்திலோ அவசரத்திலோ, பக்கத்தில் நின்ற யாரோ சொன்னதைக் கேட்டோ, பலர் "ஒத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து நிதானமாக யோசிக்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. அப்படி வருகிற சந்தேகங்களுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. எல்லாமே இந்தியச் சட்டப்படிதான். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவிசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வட்டாரத்தில் இன்னும் பழைய எண்கள்தான் வாயில் வருகின்றன. அதனால் முக்கியமான இடங்களில் புதிய எண்ணோடு பழைய எண்ணையும் சேர்த்தே தருகிறேன்.

நேரடியாகச் சொல்லுங்கள், மாற்ற முடியுமா முடியாதா?

தீர்ப்பு வருவதற்கு முன்னால் என்றால் முடியும், ஆனால் அது நீதிபதியின் விருப்புரிமை. தீர்ப்பு வந்த பிறகு அதே கோர்ட்டில் முடியாது. மேலே உள்ள கோர்ட்டுக்குப் போய், "அது உண்மையான ஒப்புதலே இல்லை" என்று காட்ட வேண்டும். முதல் வழி சற்றுச் சுலபம், இரண்டாவது கடினம். ஆகவே மனம் மாறிவிட்டது என்றால் அடுத்த வாய்தா வரை காத்திருக்காதீர்கள்.

மாற்றிச் சொல்வதற்கு என்று தனிப் பிரிவு ஏதும் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்காவில் இருப்பதுபோல "ஒப்புதலைத் திரும்பப் பெறுதல்" என்ற தலைப்பில் நம் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. அதற்குப் பதில் வேறொரு வாசல் இருக்கிறது. செஷன்ஸ் கோர்ட்டுக்கான பிரிவு 252 (பழைய 229), போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த வாரண்ட் வழக்குகளுக்கான (2 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ளவை) 264 (பழைய 241), அதைவிடச் சிறிய சம்மன் வழக்குகளுக்கான 275 (பழைய 252) மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிபதி அதைப் பதிவு செய்ய வேண்டும், அதன்பேரில் தண்டிக்க*லாம்*. பதிவு செய்வது கட்டாயம், தண்டிப்பது கட்டாயமில்லை. ஒப்புதலை ஓரமாக வைத்துவிட்டு "சாட்சிகளை விசாரிக்கிறேன்" என்று நீதிபதி சொல்லலாம். தீர்ப்புக்கு முன் வைக்கும் கோரிக்கை நிற்பது இந்த "லாம்" மீதுதான்.

(கோர்ட் தமிழில் "எதிரி" என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். பகைவர் என்று பொருள் கொண்டு பதற வேண்டாம்.)

அப்படியானால் ஒப்புக்கொண்ட பிறகும் விசாரணை நடந்த வழக்குகள் உண்டா?

உண்டு. நாட்டுக்கே தெரிந்த உதாரணம் மும்பைத் தாக்குதல் வழக்கு. 2009 ஜூலை 20 அன்று, விசாரணை பாதியில் இருந்தபோது அஜ்மல் கசாப் திடீரென எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி தஹலியானி அதைப் பதிவு செய்துகொண்டார், ஆனால் அத்தோடு வழக்கை முடிக்கவில்லை. விசாரணை தொடர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கசாப் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். சாட்சிகளையும் ஆவணங்களையும் எடைபோட்டு 2010 மே மாதம்தான் தீர்ப்பு வந்தது. ஒப்புதலை மட்டும் நம்பித் தண்டனை கொடுத்திருந்தால், அந்த மறுப்பு வந்த நாளில் வழக்கு எந்த நிலையில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொலை போன்ற பெரிய வழக்குகளில் ஒப்புதலை மட்டும் வைத்துத் தண்டிக்காமல் சாட்சியத்தையும் பார்ப்பது நம் நீதிமன்றங்களின் நெடுநாள் வழக்கம்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அதுவும் இதுதானா?

இல்லை, அது வேறு. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. அதன் தொடர்ச்சியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடித் தொடர்புள்ள பகுதிக்கு மட்டும் விலக்கு. அதனால் ஸ்டேஷனில் எழுதி வாங்கியதை "வாபஸ்" வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படிக்கும்போது "மறுக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

புலன்விசாரணையின்போது நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் இன்னொரு வகை. "164 ஸ்டேட்மெண்ட்" என்று சொல்வார்கள், இப்போது பிரிவு 183. இது சாட்சியமாகும். பின்னால் மறுத்தாலும் காற்றில் போய்விடாது. ஆனால் மறுக்கப்பட்ட வாக்குமூலத்துக்கு வேறு ஆதாரத்தின் துணை இருக்கிறதா என்று கோர்ட் தேடும்.

மூன்றாவதுதான் இந்தப் பக்கத்தின் பொருள்: விசாரணைக் கோர்ட்டில், குற்றச்சாட்டுக்குப் பதிலாக நீங்கள் சொன்ன "ஒத்துக்கிறேன்."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேளுங்கள். அடுத்த வாய்தாவில் வாயால் மட்டும் சொன்னால், அது பதிவில் ஏறியதா என்பதே தெரியாமல் போகும். ஒரு சின்ன மனு போதும்: எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டீர்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள், இப்போது ஏன் மறுக்கிறீர்கள், விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை, அவ்வளவுதான். வழக்கின் கதையை முழுக்க அதில் கொட்ட வேண்டாம். அது விசாரணையில் பேச வேண்டியது.

காரணம் உண்மையாக இருக்கட்டும். "குற்றச்சாட்டு ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது, எனக்குப் புரியவில்லை" என்பது காரணம். "அன்று வக்கீல் வரவில்லை, கேட்க ஆளில்லை" என்பது காரணம். "ஃபைன்தான் போடுவார்கள் என்று நினைத்தேன், ஜெயில் என்கிறார்கள்" என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் பலவீனமானது. அதை யாராவது உங்களிடம் உறுதியாகச் சொல்லி நம்ப வைத்திருந்தால் மட்டுமே அதற்குக் கொஞ்சம் பலம் வரும்.

தீர்ப்பு வந்துவிட்டது. அதே நீதிபதியிடம் போய்க் கேட்கலாமா?

கேட்டுப் பயனில்லை. கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர எதையும் மாற்ற அவருக்கே அதிகாரம் கிடையாது (பிரிவு 403, பழைய 362). நீதிபதி இரக்கப்பட்டாலும் சட்டம் அவர் கையைக் கட்டியிருக்கிறது.

மேல்முறையீடு செய்ய முடியுமா? "ஒப்புக்கொண்டால் அப்பீல் இல்லை" என்கிறார்களே?

பாதி உண்மை. பிரிவு 416 (பழைய 375) சொல்வது இது. ஒப்புக்கொண்டதன்பேரில் நடுவர் கோர்ட்டோ செஷன்ஸ் கோர்ட்டோ தண்டித்தால், தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். "நான் குற்றமே செய்யவில்லை" என்று அப்பீலில் வாதிட முடியாது.

மீதிப் பாதியைத்தான் பலரும் சொல்வதில்லை. இந்தத் தடை பொருந்துவது உண்மையான ஒப்புதலுக்கு. புரியாமல் சொன்னதும், மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியதும், முறைப்படி பதிவு செய்யாததும் சட்டத்தின் கண்ணில் ஒப்புதலே இல்லை என்று வாதிட வழி திறந்தே இருக்கிறது. பெரும்பாலும் இது சீராய்வு மனுவாக, அதாவது கீழ்க் கோர்ட்டின் உத்தரவு சட்டப்படி சரியா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் மனுவாகப் போகும் (பிரிவு 438, 442, பழைய 397, 401). உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடும் மனுவாகவும் போகலாம் (பிரிவு 528, எல்லோருக்கும் தெரிந்த பழைய 482).

சீராய்வில் ஒரு கண்ணி இருக்கிறது. செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம் இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றில் தோற்றுவிட்டு இன்னொன்றில் மறுபடியும் சீராய்வு போட முடியாது. எங்கே போவது என்பதை வக்கீலோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

எந்தக் காரணங்கள் உண்மையிலேயே எடுபடுகின்றன?

உச்ச நீதிமன்றம் தலையிட்ட மூன்று வழக்குகளைச் சொல்கிறேன். மூன்றும் மூன்று வகை.

முதலாவது, நம் மதராஸ் மாநிலத்திலிருந்து போனது. மகந்த் கௌசல்யா தாஸ் என்பவர் மீது மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று தண்டித்துவிட்டார்கள். அன்றைய சட்டத்தில், எதிரி சொன்ன வார்த்தைகளையே கூடுமானவரை அப்படியே எழுத வேண்டும் என்று இருந்தது. அவர் என்ன சொன்னார் என்பதே பதிவில் இல்லை. இது வெறும் சடங்கல்ல, கட்டாய விதி என்று சொல்லி 1960களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. இதே விதி சம்மன் வழக்குகளுக்கு இன்றும் பிரிவு 275-இல் இருக்கிறது. நடைமுறையில் "எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று முன்னாலேயே அச்சடித்த படிவத்தில் தேதியை மட்டும் நிரப்புகிற பழக்கத்தை யாரும் பார்த்திருக்கலாம். உங்கள் பதிவும் அந்த ரகமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது, குஜராத்தின் காசம்பாய் வழக்கு, 1980. உணவுக் கலப்பட வழக்கு. ஒத்துக்கொண்டால் லேசான தண்டனை என்று ஒரு புரிந்துணர்வு. அதன்படியே ஒப்புக்கொண்டு சிறு தண்டனையோடு வெளியே வந்தார். உயர் நீதிமன்றம் பார்த்துவிட்டுத் தண்டனையை உயர்த்தியது. ஆக, ஒத்துக்கொண்டதும் போயிற்று, பேசிய லாபமும் போயிற்று. பேரம் பேசி வாங்கிய ஒப்புதலின்மேல் நிற்கும் தண்டனை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு (உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை) விரோதமானது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது. சட்டப்படியான பேரம் என்று ஒன்று வருவதற்கு முந்தைய காலம் அது. அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

மூன்றாவது, அருணாசலப் பிரதேசத்தின் சுக் தாஸ் வழக்கு, 1986. இதில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நமக்குப் பயன்படும். வக்கீல் வைக்க வசதியில்லாதவரிடம் "உங்களுக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு" என்று கோர்ட்டே சொல்ல வேண்டும், சொல்லாமல் நடத்திய விசாரணை செல்லாது என்று முடிவானது. வக்கீல் இல்லாமல் நின்று ஒப்புக்கொண்டவர்களுக்கு இது பலமான ஊன்றுகோல்.

வெறுமனே "மனசு மாறிவிட்டது" என்பது எங்கும் எடுபடாது.

என் வக்கீல்தான் ஒத்துக்கொள்ளச் சொன்னார். அவர் மேல் குறை சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் கவனமாக. தவறான ஆலோசனை என்பது மட்டும் போதாது. விளைவைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை, அல்லது நடந்ததற்கு நேர்மாறாகச் சொல்லப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் செய்தி ஒன்று இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். தனக்கு ஆகவில்லை என்றதும் முந்தைய வக்கீல் மேல் பழி போடுகிறவர்களை நீதிபதிகள் தினமும் பார்க்கிறார்கள். காகிதம் ஏதும் இல்லாமல் இதை முதல் வாதமாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

"சின்ன பெட்டி கேஸ்தான், ஃபைன் கட்டிட்டுப் போயிடு" என்றார்கள். இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பிரச்சினை வருமா?

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான்.

ஃபைன் கட்டி முடித்த வழக்கும் "தண்டனை பெற்ற வழக்கு"தான். அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் "எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டால் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகப் பேசப்படும். அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிமுறைகளை வகுத்தது. அற்பமான வழக்காக இருந்தால், மறைத்ததையே மன்னிக்க அதிகாரிக்கு இடம் உண்டு என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த மன்னிப்பை நம்பி மறைக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டில் கதை தலைகீழ். கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஆனால் தண்டனை பெற்றவருக்கு மறுக்க வேண்டுமானால், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, குறைந்தது 2 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றிருக்க வேண்டும். அதனால்தான் வெளிநாடு போகிற அவசரத்தில் இருப்பவர்கள் "ஒத்துக்கொண்டு முடித்துவிடு" என்ற யோசனையில் விழுகிறார்கள். பாஸ்போர்ட் கிடைத்துவிடும், சரி. அப்புறம் விசா படிவத்தில் அதே கேள்வி வரும்.

நீங்கள் உண்மையிலேயே அந்தத் தவறைச் செய்திருந்து, கவலை வேலையைப் பற்றி மட்டும்தான் என்றால், ஒப்புதலை மாற்றுவதை விட நல்ல வழி ஒன்று இருக்கலாம். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின்பேரில் விடுவிக்க இடம் தரும் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன்படி விடுவிக்கப்பட்டால், தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு உங்களைத் தொடாது (பிரிவு 12). அந்த உத்தரவை அப்பீல் அல்லது சீராய்வுக் கோர்ட்டும் போடலாம் (பிரிவு 11). தண்டனையின் அளவைப் பற்றி அப்பீல் செய்யும் உரிமை ஒப்புக்கொண்டவருக்கும் உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை இதற்குப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர்மேல் துறை நடவடிக்கை எடுப்பதை மட்டும் இது தடுக்காது.

பேரம் பேசும் முறையில் ஒப்புக்கொண்டேன். அதை மாற்றலாமா?

2006 ஜூலை 5 முதல் நம் நாட்டில் இதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது. ப்ளீ பார்கெய்னிங் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், இப்போது பிரிவு 289 முதல் 300 வரை. 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும் இது கிடையாது. மனு கொடுத்ததும் நீதிபதி உங்களைத் தனியாக அழைத்து, மறுதரப்பு இல்லாமல், "உங்கள் விருப்பத்தோடுதான் வந்தீர்களா?" என்று விசாரிப்பார். பின்வாங்குவதற்கு ஏற்ற நேரம் அதுதான். தயங்காமல் சொல்லுங்கள். பேச்சு முறிந்தால் வழக்கு பழையபடி விசாரணைக்குப் போகும். பேரத்துக்காக நீங்கள் எழுதிக் கொடுத்த விவரங்களை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டால் அதுவே இறுதி. உயர் நீதிமன்றத்தில் ரிட், உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, இவை தவிர வேறு வழியில்லை.

எவ்வளவு நாளுக்குள் போக வேண்டும்?

செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் 60 நாள், சீராய்வு 90 நாள். தீர்ப்பு நகல் எடுக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தாமதமானால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனு போட வேண்டும். "ஃபைன் கட்டினேன், முடிந்தது என்று நினைத்தேன், 4 ஆண்டு கழித்து வேலைக்குப் போகும்போதுதான் தெரிந்தது" என்று வருகிறவர்களும் இந்த மனுவோடுதான் தொடங்க வேண்டும்.

ஒப்புதல் ரத்தானால் நான் விடுதலையா?

இல்லை! பெரும்பாலும் வழக்கு ஆரம்பப் புள்ளிக்குத் திரும்பும். குற்றச்சாட்டு மறுபடி படிக்கப்படும், நீங்கள் மறுப்பீர்கள், சாட்சிகள் வருவார்கள். ஒப்புக்கொண்டதற்காகக் கிடைத்த சலுகை இனி இருக்காது. விசாரணையில் தோற்றால் முன்பு வாங்கியதைவிடக் கூடுதலாகவும் வரலாம்.

அதனால் மனு போடும் முன் குற்றப்பத்திரிகையை எடுத்து, சாட்சிகள் யார், என்ன சொல்லியிருக்கிறார்கள், மருத்துவச் சான்று இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வழக்கு பலவீனமாக இருந்தால் திரும்பிப் போவதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு காகிதத்தில் இருக்கிற குடிபோதை வழக்கில், ஃபைன் தொகைக்காகச் சண்டை போட 3 ஆண்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று நானாக இருந்தால் இரண்டு முறை யோசிப்பேன்.

இணையத்தில் "நியாயமான காரணம் இருந்தால் போதும்" என்று படித்தேனே?

அது அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டின் விதி 11. அங்கே நீதிபதி ஒப்புதலை ஏற்பதற்கு முன் எந்தக் காரணமும் இல்லாமலே திரும்பப் பெறலாம். ஏற்ற பிறகு, தண்டனை அறிவிக்கும் முன், நியாயமான காரணம் காட்ட வேண்டும். தண்டனைக்குப் பிறகு அப்பீல் போன்ற வழிகள்தான். அங்கே தண்டனைகளில் மிகப் பெரும்பாலானவை ஒப்புதல் மூலமே வருவதால் விதிகளை நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாசகத்தை இங்கே மனுவில் எடுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது.

வக்கீலுக்குப் பணம் இல்லை.

மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். ஜெயிலில் இருப்பவர் என்றால் சிறை அலுவலகம் வழியாகவே கேட்கலாம்.

சரி, நாளை காலையில் முதலில் என்ன செய்வது?

காப்பி அப்ளிகேஷன் (கோர்ட் ஆவணங்களின் நகல் கேட்கும் மனு) போடுங்கள். தீர்ப்பை மட்டும் கேட்காதீர்கள். குற்றச்சாட்டு படித்துக் காட்டப்பட்ட நாளின் குறிப்பு, உங்கள் பதிலைப் பதிவு செய்த தாள், அன்றைய வக்காலத்து (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) இருக்கிறதா இல்லையா என்பது, இவை எல்லாம் வேண்டும். பதிவில் உங்கள் வார்த்தைகள் இருக்கின்றனவா, எந்த மொழியில் விளக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா, கையெழுத்து உங்களுடையதுதானா, ஒப்புதலும் தீர்ப்பும் ஒரே நாளில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தத் தாள்கள் கையில் இல்லாமல் எந்த வக்கீலாலும் உங்களுக்கு உருப்படியான பதில் சொல்ல முடியாது. வழக்கு எண் நினைவில்லை என்றால், ஃபைன் கட்டிய ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள்.